கக்கூஸ் எவ்வளவு தூரம்?

இந்த வருடம் மாசி மாதத்தில் ஒருநாள் எங்கள் குடும்ப வட்ஸ்அப் குறூப்பில் ஒரு வாக்கெடுப்பு வந்தது. போட்டது மச்சாள். ஓகஸ்டில் எங்கே ரென்ற் அடிக்கலாம் என்பது கேள்வி. கீழே ஐந்து இடங்களின் பெயர்கள். எல்லாம் சான் பிரான்சிஸ்கோ குடாவைச் சுற்றியுள்ளவை. அம்மா ஐந்துக்கும் வாக்குப் போட்டிருந்தா.

நாங்கள் என்றால் அண்ணனும் தங்கச்சியும். ஒருவர் பல்கலைக்கழகத்தில் கலைப்பீடம், மற்றவர் ஏ.எல். முடித்துவிட்டு வீட்டில். மாமா அம்மாவின் தம்பி. 1997இல் வெளிக்கிட்டவர், இப்போது ஃபிரிமொன்டில் இருக்கிறார். அக்காவை ஒருதரம் கூப்பிட்டு வைத்திருக்கவேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. மூன்று பேருக்கும் விண்ணப்பித்தோம், அம்மாவுக்கு மட்டும் விசா கிடைத்தது. அந்தக் கதை இங்கே தேவையில்லை.

அன்றிரவு அம்மா தேங்காய் திருவிக்கொண்டே சொன்னா: “நான் ரென்றுக்குள்ள படுக்கமாட்டன். தம்பிக்குச் சொல்லிப்போடாதேங்கோ. பாவம், ஆசைப்பட்டுக் கேக்கிறான்.”

எங்களுக்கு உடனே விளங்கிவிட்டது. 2009இல் நாங்கள் மெனிக்பாமில் இருந்தோம். எங்களில் மூத்தவருக்கு ஆறு வயது, இளையவருக்கு மூன்றரை. ஒரு வெள்ளை ரென்றுக்குள் நாங்கள் மூன்று பேர், பெரியம்மா குடும்பம் ஐந்து பேர். மத்தியானத்தில் உள்ளே இருக்க முடியாது, வெளியே நிற்க நிழல் இல்லை. ஓகஸ்ட் மழைக்குத் தண்ணீர் உள்ளே வந்தபோது பாயைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு அம்மா விடியும்வரை நின்றது மூத்தவருக்கு ஞாபகம். இளையவருக்கு எதுவும் ஞாபகம் இல்லை. ஆனால் கதை கேட்டுக் கேட்டு, அவதான் கூடச் சொல்லுவா.

மச்சாளுக்கு இதெல்லாம் தெரியாது. மாமாவுக்கு ‘முகாமில் இருந்தவை’ என்ற அளவுக்குத் தெரியும். அவர் காசு அனுப்பினவர், போனில் அழுதவர். ஆனால் முகாம் என்ற சொல்லும் கேம்பிங் என்ற சொல்லும் அவருடைய தலைக்குள் ஒரே இடத்தில் இருக்கவில்லை. அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. எங்களுடைய பட்ச்சில் றிவர்ஸ்ரனுக்கு ரென்றோடு போய்வந்த பெடியள் எத்தனை பேர், அவர்களிலும் பாதிப் பேர் வன்னிதான். சிலருக்கு அது ஒன்றும் செய்வதில்லை. அம்மாவுக்குச் செய்யும்.

ஆக, சொல்லாமல் மாற்றவேண்டும். அன்றிரவே லப்ரொப்பைத் திறந்து உட்கார்ந்தோம். பார்த்தறியாத ஊரில், பார்த்தறியாத ஒரு பொழுதுபோக்குக்கு, அம்மாவுக்கு இடம் தேடுகிற வேலை.

முதலில் மச்சாளின் முதல் தெரிவு. குடாவுக்கு நடுவே இருக்கிற ஏஞ்சல் ஐலண்ட் என்ற தீவு, மாநிலப் பூங்கா. கலிபோர்னியாவின் மாநிலப் பூங்காக்களில் ஆறு மாதத்துக்கு முன்பே காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறக்கும், கொஞ்ச நேரத்திலேயே நல்ல இடங்கள் போய்விடும். தீவில் ரென்ற் அடிக்கும் இடங்கள் விரல்விட்டு எண்ணலாம். சாமான் முழுக்க முதுகில் கட்டி, படகில் ஏறி, இறங்கி, மேட்டில் நடக்கவேண்டும். பின்னேரம் கடைசிப் படகு போய்விட்டால் தீவில் மிஞ்சுவது முகாமிட்டவர்களும் பூங்கா ஊழியர்களும்தான். மச்சாளுக்கு அதுதான் பிடித்தது. “தீவு முழுக்க எங்களுக்கே” என்று எழுதியிருந்தாள். கடைசிப் படகு போனபிறகு வெளியே வர வழியில்லாத இடம் என்றுதான் நாங்கள் அதை வாசித்தோம்.

அடுத்தது கேர்பி கோவ். கோல்டன் கேட் பாலத்தின் அடியிலே, வடக்குக் கரையில். படங்களைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ரென்ற் வாசலிலிருந்து பாலம் தெரியும். குடிதண்ணீர் கிடையாது, நாங்கள்தான் கொண்டுபோகவேண்டும். இதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினோம். “தண்ணி இல்லாத இடத்துக்குக் காசு குடுத்துப் போறதோ?” என்றா. அதோடு அந்த இடம் முடிந்தது.

ஹாவ் மூன் பே பசிபிக் கரையில் இருக்கிறது. அலைச் சத்தத்தோடு நித்திரை கொள்ளலாம் என்று போட்டிருந்தார்கள். அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, “கடற்கரையில படுக்கிற இடம் வேண்டாம்” என்று மட்டும் சொன்னா. நாங்களும் ஏன் என்று கேட்கவில்லை.

சாமுவேல் பி. டெய்லர் பூங்கா செம்மரக் காட்டுக்குள், ஓடைக்குப் பக்கத்தில். ஆயிரம் நல்ல வார்த்தை எழுதியிருந்தார்கள், ஆனால் சிக்னல் கிடைப்பது கஷ்டம் என்றும் எழுதியிருந்தார்கள். எங்களோடு கதைக்க முடியாத இடத்தில் அம்மா ஒரு இரவும் இருக்கமாட்டா.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோதான் ஒரு விசயத்தைக் கவனித்தோம். ஒவ்வொரு இடத்துக்கும் அம்மா ஒரே கேள்விகளைத்தான் கேட்டுக்கொண்டிருந்தா. தண்ணி பைப் எங்க? கக்கூஸ் எவ்வளவு தூரம்? இரவில லைற் இருக்குமோ? பக்கத்து ஆக்கள் எவ்வளவு கிட்ட? மழை வந்தால் தண்ணி எந்தப் பக்கம் ஓடும்? வேலி இருக்கோ? இரவில வெளிய போகலாமோ? பொழுதுபோக்காய் முகாமிடுகிறவர்களுக்கு எழுதப்பட்ட வழிகாட்டிகளைத் திறந்து பார்த்தால், அதிலும் இவைதான். கழிவறைக்கு மிகக் கிட்ட எடுக்காதே, மணக்கும், சனம் நடக்கும். மிகத் தூர எடுக்காதே, இரவில் கஷ்டம். பள்ளத்தில் அடிக்காதே. அயல் இடத்துக்கும் உனக்கும் நடுவே மரம் இருக்கிறதா பார். அம்மா அந்தத் துறையில் ஒரு நிபுணர் என்று எங்களுக்கு அதுவரை தெரியாது. சிரிப்பும் வந்தது. பிறகு சிரிப்பு நின்றது.

சுவரும் கதவும் உள்ள எதுவும் பரவாயில்லை என்று அம்மா சொன்னதால் ஆர்.வி. பக்கம் போனோம். ஆர்.வி. என்றால் லொறி மாதிரியான ஒன்றுக்குள் கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் வைத்த வீடு. வாடகைக்கு எடுக்கலாம். அதை நிறுத்துகிற இடத்துக்குத் தரம் உண்டு. வெறும் நிலம் மட்டும் தருகிற இடம், கரண்டும் தண்ணியும் தருகிற இடம், அவற்றோடு கழிவுக் குழாயும் பூட்டக்கூடிய இடம். மூன்றாவதைத்தான் முழு இணைப்பு என்கிறார்கள். அது இல்லாவிட்டால் வண்டிக்கு அடியிலுள்ள தாங்கி நிரம்பியதும் கழிவை ஊற்றும் இடத்துக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போகவேண்டும். ஜெனரேற்றரும் நினைத்த நேரத்துக்குப் போட ஏலாது. மாநிலப் பூங்காக்களில் இரவு எட்டு மணிக்கு நிறுத்தவேண்டும், பத்து மணிக்குப் பிறகு சத்தமே கூடாது. வண்டியின் நீளமும் பார்க்கவேண்டும், ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எல்லை இருக்கிறது. இன்னொன்று: குழாய்களைப் பூட்டி நிறுத்திய ஆர்.வி.யை ஊர் சுற்ற எடுக்க ஏலாது, கூடவே ஒரு காரும் வேண்டும். இதெல்லாம் அம்மாவுக்காகத் தேடித்தான் தெரிந்துகொண்டோம். ஒரு நாள் யாருக்காவது உதவும் என்று எழுதிவைக்கிறோம்.

நகரத்துக்குக் கிட்ட தனியார் ஆர்.வி. தரிப்பிடங்களும் உண்டு. மாமிக்கு அவை பிடித்தன. உடுப்புத் தோய்க்கும் மெசின் இருக்கும், படகுக்கோ பஸ்ஸுக்கோ சுகமாகப் போகலாம். எங்களுக்கும் சரியென்றுதான் பட்டது. அம்மாவிடம் மேலேயிருந்து எடுத்த ஒரு படத்தைக் காட்டினோம். தார்த்தரையில் வெள்ளை வண்டிகள், வரிசை வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு இலக்கம். அம்மா போனைத் திருப்பித் தந்துவிட்டா. “சோன் மாதிரி இருக்கு.”

சுவரும் கதவும் மட்டும் போதாது என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

கடைசியில் அகப்பட்டது அன்ரனி சபோ பிராந்தியப் பூங்கா. குடாவின் கிழக்குப் பக்கம், காஸ்ட்ரோ வலிக்கு மேலே மலையில். கீழே ஒரு ஏரி, மேலே யூக்கலிப்ரஸ் மரங்கள். நுவரெலியா ரோட்டோரம் நிற்கிற அதே மரம்தான், அங்கேயும் அவுஸ்திரேலியாவிலிருந்து போனது. ரென்றுக்கும் ஆர்.வி.க்கும் ஒரே இடத்தில் வசதி, சில இடங்களுக்கு முழு இணைப்பு. வரிசை இல்லை, சரிவைப் பார்த்து அங்கொன்றும் இங்கொன்றுமாக விட்டிருக்கிறார்கள். மாமா வீட்டுக்கும் கிட்ட. மச்சாளும் தம்பியும் ரென்றிலும் பெரியவர்கள் வண்டியிலும் படுக்கலாம்.

காலநிலையும் சாதகம். கோடையில் குடாவுக்கு உள்நாட்டுப் பக்கம் வெக்கை ஏற ஏற, கோல்டன் கேட் வாசலால் கடலின் குளிர்காற்றும் புகாரும் உள்ளே இழுபட்டு வரும். அதனால் ஓகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவில் ஜக்கெற் போட்டு நடுங்குகிற அதே நேரத்தில், ஒரு மணித்தியாலம் உள்ளே போனால் லிவமோர் பக்கம் வேர்த்து ஊற்றும். சபோ இரண்டுக்கும் நடுவே. வன்னி உடம்புக்கு இரவில் கொஞ்சம் குளிரும், கம்பளி போதும்.

முன்பதிவு செய்யச் சொல்லப்போன நேரத்தில் தங்கச்சி ஒரு பழைய குறிப்பைக் கண்டுபிடித்தா. எல்லாம் நல்லது, ஆனால் பகல் முழுக்க வெடிச்சத்தம் என்று யாரோ எழுதியிருந்தார். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். தேடிப் பார்த்தால், அந்தப் பூங்காவுக்குள்ளேயே பல வருடமாக ஒரு துப்பாக்கி சுடும் பயிற்சித் திடல் இருந்திருக்கிறது. நிலத்தில் சேர்ந்த ஈயம் பெரிய பிரச்சினையாகி, 2016இல் மூடிவிட்டார்கள். 2016 என்று மூன்று தரம் உறுதிப்படுத்திய பிறகுதான் மாமாவுக்குச் செய்தி போட்டோம்.

மாமாவுக்குச் சொன்ன காரணம், அம்மாவின் முழங்கால். தீவில் மேடு ஏற ஏலாது, நிலத்தில் படுத்தால் எழும்ப ஏலாது. முழங்கால் நோவு முழுப் பொய் இல்லை, மாரியில் கொஞ்சம் நோகும். மாமா உடனே ஓமென்றார். தீவை விட மனமில்லாத மச்சாளுக்காக, ஒரு பகல் மட்டும் படகில் போய்வருவதாக முடிவானது. அம்மா மாமாவிடம் ஒன்றே ஒன்று கேட்டா. இரவில கேற் பூட்டுவினமோ? மாமா சிரித்தார். “அக்கா, நீங்கள் விரும்பினால் இரவு ரெண்டு மணிக்கும் வெளிக்கிடலாம்.”

ஆடியில் அம்மா போனா. ஓகஸ்ட் இரண்டாம் கிழமை சபோ.

முதல் நாள் நடந்தது வீடியோவில் இருக்கிறது. மச்சாளும் தம்பியும் ஒரு வடிவான சமதரையில் ரென்ற் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். அம்மா இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறா. பிறகு, “பிள்ளை, உது பள்ளம். மேல ஏத்தி அடி” என்று குரல் வருகிறது. கலிபோர்னியாவில் கோடைக்கு மழையே பெய்யாது என்று மாமா சொல்கிறார். அம்மா கேட்கவில்லை. தானே ரென்றின் ஒரு மூலையைப் பிடித்து இழுக்கிறா. பதினைந்து வருடமாக ரென்றைத் தொடாத மனுசி, முளை எந்தச் சரிவில் அடிக்கவேண்டும், கயிறு எவ்வளவு இறுக்கவேண்டும் என்று காட்டிக்கொடுக்கிறா. அகப்பையால் சுற்றிவரக் கான் வெட்டத் தொடங்கியபோதுதான், “மாமி, மாமி, இஞ்ச கிண்டக்கூடாது, றூல்” என்று மச்சாள் ஓடிவருகிறாள். மாமா வண்டியின் கழிவுக் குழாயைக் கையுறையோடு பிடித்துப் பூட்டுகிற இடத்தில் அம்மா விழுந்து விழுந்து சிரிக்கிறா. அந்த வீடியோவை நாங்கள் எத்தனை தரம் பார்த்தோம் என்று சொல்ல வெட்கம்.

அடுத்த நாள் ரிபுரோனிலிருந்து படகில் தீவுக்குப் போனார்கள். பின்னேரம், எங்களுக்கு அதிகாலை, மச்சாளிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்திருந்தது. “மாமியின்ர முழங்கால் சுகமாகிட்டுது போல. எல்லாருக்கும் முன்னால நடக்கிறா.” கொஞ்சம் விட்டு இன்னொன்று. “நீங்கள் எனக்குச் சொல்லியிருக்கலாம்.”

ஏஞ்சல் ஐலண்டில் ரென்ற் அடிக்கும் இடம் மட்டும் இல்லை. 1910இலிருந்து 1940வரை அங்கே குடிவரவு நிலையம் இருந்தது. பசிபிக் வழியாக வந்த சீனர்களை அங்கே அடைத்துவைத்து விசாரித்தார்கள். சீனர் வரக்கூடாது என்று 1882இலேயே சட்டம் போட்டிருந்தார்கள். யப்பானியர்களையும் பஞ்சாபிலிருந்து போனவர்களையும்கூட வைத்திருந்திருக்கிறார்கள். சிலரைச் சில கிழமை, சிலரை ஒன்றரை வருடத்துக்கும் மேலே. அடைபட்டவர்கள் மரச்சுவரில் கவிதைகளைச் செதுக்கியிருக்கிறார்கள். 1970இல் கட்டிடத்தை இடிக்க இருந்த நேரத்தில் ஒரு பூங்காக் காவலர் அவற்றைக் கவனித்திருக்காவிட்டால் எல்லாம் போயிருக்கும். இப்போது அது அரும்பொருட்காட்சி. நாங்கள் இதை மாசியிலேயே வாசித்திருந்தோம். அம்மாவுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருக்கவேண்டுமா என்று இப்போதும் எங்களுக்குள் வாக்குவாதம்.

உள்ளே ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டில்கள். மச்சாள் சொன்னபடி, அம்மா ஒரு கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கனநேரம் நின்றிருக்கிறா. சுவரில் என்ன எழுதியிருக்கு என்று கேட்டிருக்கிறா. மச்சாள் ஆங்கில மொழிபெயர்ப்பை வாசித்து, தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லியிருக்கிறாள். தமிழ் காணாமல் போன இடங்களில் கையால் காட்டினாளாம். எத்தின நாள் வைச்சிருந்தவங்கள் என்று அம்மா கேட்டிருக்கிறா. ஆம்பிளையளைத் தனிய வைச்சவங்களோ என்று கேட்டிருக்கிறா. ஓமென்று மச்சாள் சொன்னபிறகு வேறொன்றும் கேட்கவில்லையாம். வெளியே வந்து, மாமாவிடம், எங்களுக்குக்கூட முழுக்கச் சொல்லாத சிலதைச் சொல்லியிருக்கிறா. அது என்னவென்று மாமாவும் எங்களுக்குச் சொல்லவில்லை. கடைசிப் படகுக்கு முந்தின படகில் திரும்பியிருக்கிறார்கள்.

அடுத்த நாள் பின்னேரம் இரண்டரைக்கு அம்மாவின் வீடியோ அழைப்பு வந்தது. அங்கே விடியப்புறம் இரண்டு மணி. பதறிக்கொண்டு எடுத்தோம். திரையில் ஒன்றும் தெரியவில்லை, கறுப்பு. இலை அசைகிற சத்தமும் அம்மாவின் மூச்சும்தான்.

“என்னம்மா, ஏன் எழும்பினீங்கள்?”

“சும்மா. கதவைத் திறந்துகொண்டு வெளிய வந்தனான். பிள்ளையள் ரென்றுக்குள்ள நல்ல நித்திரை.” குரலைத் தாழ்த்தித்தான் கதைத்தா. “கக்கூசுக்குப் போட்டு வாறன். எண்ணிப் பாத்தனான், தொண்ணூற்றாறு கவடு.”

“வண்டிக்குள்ளயே இருக்குதுதானே அம்மா?”

“ஓம், இருக்குது. சும்மா போய்ப் பாத்தனான். லைற் எரியுது, தண்ணி வருது. வாளிதான் இல்லை.” கொஞ்சநேரம் நடக்கிற சத்தம் கேட்டது. “ஒருத்தரும் வரிசையில நிக்கேல்லை.”